இந்த வயசில என்ன பட்டர்பிளை?



"இந்த வயசில என்ன மாஸ்டர் பட்டர்பிளை?" கடந்த பத்து மாதங்களில் எங்களிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். பள்ளிவாசல் முன்றலில் கேட்டார்கள். ஆசிரியர் ஓய்வறையில் கேட்டார்கள். கல்யாண வீட்டில் சஹனைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, வாயில் சோற்றை வைத்துக்கொண்டே ஒரு காக்கா கேட்டார். ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்லிக் கட்டாது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. நேரமிருப்பவர்கள் வாசியுங்கள்.

நாங்கள் என்றால் நான்கு பேர். மூவர் ஆசிரியர்கள். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் ஒன்றாகப் பயிற்சி பெற்றவர்கள். நான்காமவர் மாளிகைக்காட்டுப் பக்கம் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை, எங்களில் ஒருவருக்கு மச்சான் முறை. மூத்தவருக்கு 38 வயது, இளையவருக்கு 33. எல்லோருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. இருவருக்குத் தொப்பையும் இருந்தது, இப்போது ஒருவருக்குத்தான் இருக்கிறது. நாங்கள் பயிற்சி எடுப்பது 50 மீற்றர் வண்ணத்துப்பூச்சி நீச்சலுக்கு, வயதுவந்தவர்களுக்கான போட்டிப் பிரிவில்.

அப்படியொரு பிரிவு இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. உலகம் முழுக்க இதை 'மாஸ்டர்ஸ்' நீச்சல் என்கிறார்கள். 25 வயதில் தொடங்கும். பிறகு ஐந்தைந்து வயதாகப் பிரிப்பார்கள்: 25 முதல் 29, 30 முதல் 34, 35 முதல் 39 என்று எண்பது தொண்ணூறு வயது வரை போகும். இதற்கான உலகப் போட்டி 1986 இல் டோக்கியோவில் ஆரம்பித்தது. ஆகவே 'இந்த வயசில' என்ற கேள்விக்கு முதல் பதில், இந்த வயதுக்கென்றே ஒரு வரிசை இருக்கிறது என்பதுதான்.

ஆனால் அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. நீச்சல் பழகுவது சரி, அது ஏன் பட்டர்பிளை? எந்த மனிசனும் இந்த நீச்சலில் ஆற்றைக் கடப்பதில்லை. தோணி கவிழ்ந்தால் இதில் கரைசேர முயல்கிறவன் பாதியில் களைத்துப் போவான். உள்ள நான்கு நீச்சல்களில் உடம்பை அதிகம் வாட்டுவது இதுதான், வாழ்க்கைக்கு ஆகக் குறைவாக உதவுவதும் இதுதான். இதை நாங்கள் மறுக்கவில்லை.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் நின்றால் கடல் இரைச்சல் கேட்கிற ஊர்கள். மேற்கே திரும்பினால் வயலும் வாய்க்காலும், மாரி வந்தால் அதெல்லாம் ஒரே வெள்ளம். இரண்டு பக்கமும் தண்ணீரை வைத்துக்கொண்டு நடுவில் இருக்கிறோம். ஆனால் எங்கள் வகுப்பில் 34 பிள்ளைகளிடம் நீந்தத் தெரிந்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்றோம், ஐந்து கைகள் உயர்ந்தன. அந்த ஐந்தில் மூன்று, கரைவலைக் குடும்பத்துப் பிள்ளைகளுடையவை. ஆசிரியர் ஓய்வறையில் அதே கேள்வியைக் கேட்டோம். அங்கே நிலைமை அதைவிட மோசம்.

இதற்குக் காரணம் சோம்பல் அல்ல. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி எங்களில் மூத்தவருக்கு 17 வயது, இளையவருக்கு 12. இலங்கையிலேயே அதிகம் உயிர்களைக் கொடுத்த பகுதிகளில் நமது கல்முனைக் கரையும் ஒன்று. அன்றைக்கு என்ன நடந்தது என்பதை இந்தப் பதிவை வாசிப்பவர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு நமது உம்மாமார் ஒரு முடிவெடுத்தார்கள், பிள்ளையைக் கடல் பக்கம் விடுவதில்லை என்று. எங்களில் ஒருவரின் உம்மா இருபது வருடமாகக் கடற்கரை வீதிக்கு அங்கால் காலடி வைத்ததில்லை. அவரை யாரும் பேசிச் சரிக்கட்ட முடியாது, நாங்கள் முயலவும் இல்லை. இழந்தவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அந்தப் பயம் ஒரு தலைமுறையோடு நிற்கவில்லை. அந்த அலையைக் காணாத பிள்ளைகளும் தண்ணீரைத் தெரியாமலே வளர்கிறார்கள்.

பிறகு 2024 நவம்பர் 26. காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையில் மாவடிப்பள்ளியில், மத்ரஸா மாணவர்கள் வீடு திரும்பிய உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அந்த ஜனாஸாக்களில் நம்மில் எத்தனையோ பேர் நின்றோம். நீந்தத் தெரிந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் தப்பியிருப்பார்கள் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அந்த இழுப்பில் ஒலிம்பிக் வீரனும் தடுமாறியிருப்பான். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. ஆனால் அந்தக் கிழமை எங்கள் மூவருக்கும் வகுப்பறையில் நிற்கவே ஏலாமல் இருந்தது. பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள் என்ற உமர் (ரழி) அவர்களின் சொல்லை எத்தனை குத்பாவில் கேட்டிருப்போம்! கற்றுக்கொடுக்க வேண்டிய எங்களுக்கே தெரியாதே.

இப்படித்தான் தடாகத்துக்குப் போனோம். ஊரிலிருந்து போக ஒரு மணித்தியாலம். சனியும் ஞாயிறும் சுபஹு தொழுதுவிட்டு இரண்டு மோட்டார் சைக்கிளில் நான்கு பேர். பெற்றோல் காசு பங்கு. தடாகக் கட்டணம் அவரவருக்கு. பத்து மணிக்கு வீடு திரும்பினால் மரக்கறி வாங்கிவர வேண்டும் என்பது எல்லா வீட்டிலும் பொதுவான நிபந்தனை.

பயிற்றுவிப்பாளர் கடற்படையில் இருந்து ஓய்வுபெற்ற சிங்களவர். தமிழ் பேசுவார், ஆனால் சுருக்கமாக. மூன்றாவது மாதம், நாங்கள் சாதாரண நீச்சலில் தட்டுத்தடுமாறி ஒரு நீளம் போகத் தொடங்கியபோது அவர் கேட்டார்: "சேர், அடுத்த மாசம் வருவீங்களா?" ஏன் அப்படிக் கேட்கிறார் என்று விளங்கவில்லை. விளக்கினார். உயிர் தப்பப் பழக வருகிறவர்கள் ஓரளவு மிதக்கப் பழகியதும் நின்றுவிடுவார்கள். இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் அந்த மிதப்பும் போயிருக்கும். போட்டிக்குப் பழகுகிறவன் மட்டும் வந்துகொண்டே இருப்பான். "ஒரு ரேஸ் எடுங்க. கஷ்டமான ரேஸா எடுங்க."

கஷ்டமானது எது என்று கேட்டோம். கையை இரண்டு பக்கமும் விரித்துக் காட்டினார்.

இந்த நீச்சலின் கதையே ஒரு விதி விளையாட்டு. ஆரம்பத்தில் இது தவளை நீச்சலின் ஒரு குறுக்குவழி. தவளை நீச்சலில் கைகளைத் தண்ணீருக்கு மேலால் முன்னே கொண்டுவரக் கூடாது என்று அன்றைய விதியில் இல்லை. 1930 களில் அமெரிக்காவில் சிலர் அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு கையை மேலால் வீசினார்கள், வேகம் கூடியது. 1935 இல் அயோவா பல்கலைக்கழகத்தில் இரண்டு காலையும் சேர்த்து டொல்பின் வால் போல அடித்துப் பார்த்தார்கள், இன்னும் கூடியது. ஆனால் அந்தக் கால்வீச்சு தவளை நீச்சலில் செல்லாது. பல வருட இழுபறிக்குப் பிறகு 1952 இல் இதைத் தனி நீச்சலாகப் பிரித்தார்கள். ஒலிம்பிக்கில் முதல் தடவை நடந்தது 1956 மெல்பேர்னில். ஆக, நீச்சல்களில் இது ஆக இளையது.

சரி, தண்ணீருக்குள் வருவோம்.

வெளியிலிருந்து பார்த்தால் இது தோள்பலத்தின் வேலை போலத் தெரியும். நாங்களும் தோளால்தான் தொடங்கினோம். பத்து மீற்றரில் மூச்சு முட்டியது. பயிற்றுவிப்பாளர் கரையில் நின்று கத்தினார்: "பலம் வேணாம் சேர்! நேரம் சரியா வந்தாப் போதும்!" எந்த நேரம் என்பதுதான் பாடம். நெஞ்சுக்குள் காற்று இருப்பதால் அது மிதக்கும், இடுப்பும் காலும் தாழும். நெஞ்சைத் தண்ணீருக்குள் அமுக்கினால் இடுப்பு தானாக எழும்பும், விளையாட்டு முற்றத்து ஏறி இறங்கும் பலகை போல. அந்த எழும்பலில்தான் முன்னே போக வேண்டும். ஒரு தடவை கைவீசுவதற்கு இரண்டு தடவை கால் அடிக்க வேண்டும். கைகள் முன்னால் தண்ணீருக்குள் நுழையும்போது ஒன்று, பின்னால் வெளியேறும்போது ஒன்று. முகம் முன்னுக்கு, நாடி தண்ணீரை உரசுகிற உயரத்தில் வெளியே வந்து மூச்செடுக்கும். கைகள் முன்னே வந்து விழுவதற்கு முன்பே தலை உள்ளே போய்விட வேண்டும். தலை பிந்தினால் கை பிந்தும், கை பிந்தினால் இடுப்பு விழும், இடுப்பு விழுந்தால் அந்த இடத்திலேயே நின்று தண்ணீரை அடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இதை எழுத ஐந்து நிமிடம் போதும். உடம்புக்கு ஏற்ற ஐந்து மாதம் எடுத்தது.

வேடிக்கை என்னவென்றால், எங்களில் நன்றாக நீந்தத் தெரிந்த ஒரே ஆள்தான் அதிகம் கஷ்டப்பட்டார். எங்கள் மீன்பிடி மச்சான் கடலில் ஒரு மணித்தியாலம் மிதப்பார், வலையைப் பிடித்துக்கொண்டு நீந்துவார். ஆனால் தலையைத் தண்ணீருக்குள் போட மாட்டார். கடலில் தலையைக் குனிந்தால் வரும் அலை தெரியாது, வள்ளமும் தெரியாது. தலையைத் தூக்கி நீந்துவது அவருடைய வாப்பா கொடுத்த அறிவு. அந்த அறிவு பொய்யல்ல, அது கடலுக்கு உரியது. ஒரு நாள் அவர் தடாகத்தின் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார்: "எனக்கு இதுல பயமில்ல மச்சான். ஆனா தலை கீழ போகுதில்ல." அவரைக் கேட்ட பிறகு எங்கள் வகுப்பில் சில பிள்ளைகளை நாங்கள் பார்க்கிற விதம் மாறிவிட்டது. வேறொன்றை நன்றாகத் தெரிந்து வைத்திருப்பதாலேயே புதியதில் திணறுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கலாசாலையில் உளவியல் பாடத்தில் இதற்கு ஒரு பெயர் படித்தோம். பரீட்சைக்கு எழுதினோம், புள்ளியும் கிடைத்தது. விளங்கியது இப்போதுதான்.

வயதுவந்த உடம்புக்கு வேறு பிரச்சினைகளும் உண்டு. பத்துப் பதினைந்து வருடம் கொப்பி திருத்தி, கரும்பலகையில் எழுதி, மேல்முதுகு இறுகிப்போயிருக்கிறது. இரண்டு கையையும் காதோடு ஒட்டி மேலே தூக்கச் சொன்னார் பயிற்றுவிப்பாளர். ஒருவருக்கும் முழுதாக ஏறவில்லை. ஏறாத தோளை வைத்துக்கொண்டு வீசினால் தோள்மூட்டுத் தசைநார் தேய்ந்து நோகும். ஆகவே முதல் ஆறு கிழமை தரையில்தான்: சுவரில் கை வைத்து நெஞ்சை இறக்குவது, பாயில் குப்புறப் படுத்து முதுகை வளைப்பது. வீட்டில் பிள்ளைகள் மேலே ஏறி உட்கார்ந்து குதிரை ஓட்டினார்கள். தண்ணீரிலும் நீண்ட தூரம் கிடையாது. 25 மீற்றர் ஒரு நீளம், முப்பது செக்கன் ஓய்வு, பிறகு மீண்டும். எட்டுத் தடவை. வடிவம் கெட்டதும் அன்றைய பயிற்சி முடிந்தது. களைத்த உடம்போடு தொடர்ந்தால் உடம்பு பிழையான வடிவத்தையே மனனம் பண்ணிவிடும் என்பார்.

தோள் நொந்த நாட்களில் எங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு பெயர் இருந்தது, சஜன் பிரகாஷ். கேரளாவில் இடுக்கிக் குடும்பம், ஆனால் வளர்ந்ததும் நீச்சல் பழகியதும் தமிழ்நாட்டில் நெய்வேலியில். தாயார் சாந்திமோள் ஓட்ட வீராங்கனை, நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 2018 இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 200 மீற்றர் வண்ணத்துப்பூச்சி இறுதிப் போட்டியில் சஜன் நின்ற நேரம், கேரளாவில் பெருவெள்ளம். இடுக்கியில் அவருடைய உறவினர்களிடமிருந்து தகவலே இல்லை. அந்த மனதோடு நீந்தி 1 நிமிடம் 57.75 செக்கனில் ஐந்தாவதாக வந்தார். பிறகு கழுத்து எலும்பு வட்டு விலகி ஒரு கையைத் தூக்க முடியாத நிலை. அதிலிருந்து எழும்பி 2021 ஜூனில் ரோமில் 1 நிமிடம் 56.38 செக்கன். ஒலிம்பிக்கின் நேரடித் தகுதி எல்லை 1 நிமிடம் 56.48. பத்தில் ஒரு செக்கன் வித்தியாசத்தில், அந்தத் தகுதியைப் பெற்ற முதல் இந்திய நீச்சல் வீரர் ஆனார். வெள்ளத்தையும் குடும்பத்தையும் நினைத்துக்கொண்டு நீந்திய அந்த 2018 ஓட்டம்தான் எங்களுக்கு 2021 ஐ விடப் பெரியது. மாவடிப்பள்ளிக்காரருக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

வயது பற்றிப் பேசுபவர்களுக்கு இன்னொரு பெயர்: பிரேசிலின் நிக்கலஸ் சான்டோஸ். 2022 டிசம்பரில், 42 வயதில், குறுந்தடாக உலகப் போட்டியில் 50 மீற்றர் வண்ணத்துப்பூச்சியில் தங்கம் வென்றார். முதியோர் பிரிவில் அல்ல, இருபது வயதுப் பொடியன்களோடு.

நம் தமிழ் பேசும் கரைகளிலும் ஆட்கள் இருந்தார்கள். தொண்டைமானாற்று நவரத்தினசாமி 1954 இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 இல் அதைப் போய்த் திரும்பியும் நீந்தினார். 1984 இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிரையும் விட்டார். எங்கள் பிள்ளைகளிடம் கேட்டால் மைக்கல் பெல்ப்ஸ் என்பார்கள், ஆனந்தன் என்றால் முழிப்பார்கள். இப்போது எங்கள் வகுப்புச் சுவரில் ஆனந்தனின் படம் இருக்கிறது.

உடை பற்றியும் சொல்ல வேண்டும். நேரே கேட்காமல் சுற்றிச் சுற்றிக் கேட்டவர்கள் பலர். 2010 முதல் சர்வதேச நீச்சல் சம்மேளனம் வைத்திருக்கும் விதிப்படி, தடாகப் போட்டியில் ஆண்களின் உடை தொப்புளுக்கு மேலே போகக் கூடாது, முழங்காலுக்குக் கீழே போகக் கூடாது. தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்டது! சுவிற்சர்லாந்தில் இருந்து எழுதிய விதி நமது பிக்ஹுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. முழங்கால் வரை நீண்ட, இடுப்பில் உயர்ந்த உடையைத் தேடி வாங்கினோம். எங்கள் மௌலவி சேரிடம் காட்டினோம். பார்த்துவிட்டு, "இதைவிடச் சாரனைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கிரிக்கெட் விளையாடுறீங்களே, அதைத்தான் நான் பார்க்கணும்" என்றார்.

கொழும்புப் போட்டிக்கு மூவர்தான் போக முடிந்தது. ஒருவருக்குப் பரீட்சைக் கடமை. 50 மீற்றர் தடாகம், நடுவில் திரும்பும் சுவர் கிடையாது. 25 மீற்றரில் பழகிய எங்களுக்கு அந்தச் சுவர் இல்லாத தூரம் ஒலுவில் வரை நீண்டு கிடப்பது போல இருந்தது. பாய்ந்ததும் தண்ணீருக்கடியில் 15 மீற்றருக்கு மேல் போகக் கூடாது என்று விதி. எங்களுக்கு அந்த விதியால் எந்த ஆபத்தும் இல்லை, ஏழெட்டு மீற்றரிலேயே மேலே வந்துவிட்டோம். முப்பது மீற்றர் வரை பழகியபடி போனது. அதற்குப் பிறகு முதுகில் யாரோ நெல் மூட்டை ஏற்றினார்கள். மாஸ்டர்ஸ் பிரிவில் ஒரு சலுகை உண்டு, டொல்பின் கால் முடியாவிட்டால் தவளைக் கால் அடிக்கலாம். மச்சான் கடைசிப் பன்னிரண்டு மீற்றரை அப்படித்தான் முடித்தார். சுவரில் இரண்டு கையும் ஒரே நேரத்தில் படவேண்டும், ஒரு கை முந்தினால் நீக்கிவிடுவார்கள். மூவரும் இரண்டு கையாலும் தொட்டோம். 46 செக்கன், 53 செக்கன், 1 நிமிடம் 4 செக்கன். பக்கத்துப் பாதையில் அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் எங்கள் மூவருக்கும் முன்னால் முடித்துவிட்டு, தலையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது யாரும் நேரத்தைப் பற்றிப் பேசவில்லை. மச்சான் கடைசி வரை தலையைத் தூக்காமல் நீந்தியதைப் பற்றித்தான் பேசினோம்.

இப்போது எங்களோடு சனிக்கிழமை எட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளை, அதற்குமேல் எடுக்க மாட்டோம். பட்டர்பிளை கிடையாது. முதலில் முகம் நனைப்பது, பிறகு மல்லாக்க மிதப்பது, பிறகு உடுப்போடு விழுந்து கரையைப் பிடிப்பது. கடலில் பழக்குவதில்லை. கச்சான் காலத்தில் கடல் குளம் மாதிரிக் கிடந்தாலும் இல்லை. உள்ளே இழுக்கும் நீரோட்டம் அமைதியான நாளிலும் இருக்கும் என்று மச்சான் ஒற்றைக்காலில் நிற்கிறார். கடல் விடயத்தில் எங்களுக்கு அவர்தான் சேர்.

பெண் பிள்ளைகள் பற்றிப் பல டீச்சர்மார் இன்பொக்ஸில் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி, எங்கள் வீட்டிலும் மகள்மார் இருக்கிறார்கள். தடாகத்தில் பேசினோம். ஞாயிறு பிற்பகல் இரண்டு மணித்தியாலம் பெண்களுக்கென்று ஒதுக்கலாம், பெண் பயிற்றுவிப்பாளர் ஒருவரும் இருக்கிறார், ஆனால் இருபது பேராவது சேர வேண்டும் என்றார்கள். வேன் ஒழுங்கு நாங்கள் செய்கிறோம். நேற்று இரவு இஷா வரை பன்னிரண்டு பெயர் வந்திருக்கிறது. அதில் ஒரு பெயர், கடற்கரை வீதிக்கு அங்கால் போகாத அந்த உம்மாவின் பேத்தியுடையது. பெயரைக் கொடுத்தது உம்மாவேதான். இன்னும் எட்டுப் பெயர் வேண்டும். இந்த மாதம் முடிவதற்குள் சொல்லுங்கள்.